‘தேர்தல் கல்லூரி’ வேண்டாம், ‘தெரிவாளர்’ போதும்

வணக்கம் நண்பர்களே,

நாட்டின் தலைவரை மக்கள் சார்பில் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்களின் கூட்டமான ‘எலக்டோரல் காலேஜ்’ என்பதை ‘தேர்தல் கல்லூரி’ என்று எழுதுவதை இனியாவது விட்டுவிடுவோம். படிக்கிறவருக்கு வகுப்பறைதான் நினைவுக்கு வரும். அந்தக் ‘காலேஜ்’ லத்தீனிலிருந்து வந்தது, ஒரே பொறுப்பில் இருப்பவர்களின் கூட்டம் என்று பொருள்.

‘வாக்காளர் குழு’ நம் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பொருந்தலாம், அங்கே ஓட்டுப் போடுவது எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அமெரிக்காவின் 1800 தேர்தலைப் பற்றி, “ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு” என்று எழுதிப் பாருங்கள். ஊர்மக்கள் எல்லாரும் இரண்டு ஓட்டுப் போட்டதாகத்தானே படும்? நடந்தது வேறு. பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே ஆட்களை நியமித்தது, அப்படி நாடு முழுக்க இருந்த 138 பேர் ஆளுக்கு இரண்டு வாக்குப் போட்டார்கள், எது தலைவருக்கு, எது துணைத் தலைவருக்கு என்று குறிக்க வழியே இல்லை, அதனால் ஒரே கட்சியைச் சேர்ந்த ஜெபர்சனும் பர்ரும் 73க்கு 73 என்று சமமாக நின்றுவிட்டார்கள். அப்புறம் பிரதிநிதிகள் சபையில் 36 சுற்று வாக்கெடுப்பு நடந்து, 1801 பிப்ரவரி 17 அன்றுதான் ஜெபர்சன் தேறினார். இரண்டு பதவிக்கும் தனித்தனி வாக்கு என்ற 12-வது திருத்தம் 1804இல் வந்ததே இந்தச் சிக்கலால்தான். இவ்வளவையும் தமிழில் சொல்ல, குடிமக்களிடமிருந்து இவர்களைப் பிரித்துக் காட்டும் சொல் கட்டாயம் வேண்டும்.

‘தேர்வர்’ அழகான சொல், ஆனால் பரீட்சை எழுதுகிறவர்களுக்குப் போய்விட்டது. ‘தேர்வாளர்’ என்றால் கிரிக்கெட் அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள். ஆகவே அந்தக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரையும், அதாவது ‘எலக்டரை’, ‘தெரிவாளர்’ என்கிறேன். தேர்ந்தெடுப்பதை ‘தெரிவுசெய்தல்’ என்பது இலங்கைத் தமிழில் அன்றாடப் பேச்சு, புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

சரி, ‘குழு’ சேர்க்கலாமா? தொடக்கக் காலத்தைப் பற்றி எழுதும்போது வேண்டாம் என்பேன். 1787இல் எழுதிய அரசமைப்பில் ‘காலேஜ்’ என்ற சொல்லே கிடையாது, ‘எலக்டர்’ மட்டும்தான். அவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவதும் இல்லை, அவரவர் மாநிலத்திலேயே வாக்களித்து, பட்டியலை முத்திரையிட்டுத் தலைநகருக்கு அனுப்பினார்கள். “1789இல் 69 தெரிவாளர்களும் ஜார்ஜ் வாஷிங்டனுக்கே வாக்களித்தார்கள்” என்று எழுதினால் குழு இல்லாமலே தெளிவாக இருக்கிறது, இல்லையா?

‘தெரிவாளர்’ நெருடினால், எந்த வாக்கியத்தில் நெருடுகிறது என்று அந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள்.