ஆங்கிலத்தைத் துண்டு துண்டாகப் படித்தால் தேறுமா?

கேள்வி: தமிழ்வழியில் படித்தவன். மதுரையில் மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. ஓர் ஆங்கில நாவலை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் பன்னிரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். சின்னச் சின்னதாகப் படித்தால் போதுமா?

பதில் 1: போதும் தம்பி. அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-ல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலீஷ் செய்திகளைத் தேடிப் பாருங்கள். சுமார் 1500 சொற்களுக்குள், குட்டி வாக்கியங்களில் எழுதியவை. நான் அதில் தொடங்கி, அப்புறம் சமையல் குறிப்பு, கிரிக்கெட் என்று மாறினேன். 'ரன்' கிரிக்கெட்டில் ஒன்று, கடை நடத்துவதில் இன்னொன்று, மூக்கு ஒழுகுவதற்கும் அதே சொல்தான்!

பதில் 2: வரிக்கு வரி அகராதியைப் புரட்டாதீர்கள். சலித்துவிடும்.

கேட்டவர்: சரி அண்ணா. இன்று இருமல் மருந்து லேபிளிலேயே ஆரம்பித்துவிட்டேன். 'ஷேக் வெல்'. பாட்டிலில் கிணறு எங்கே வந்தது என்று ஒரு நிமிடம் விழித்தேன்.