புதுப்பிப்பு: கழுத்து ஷேவிங்கில் ஒரு திருத்தம்

முந்தைய ஷேவிங் பதிவில், ரேசரைத் தோலுக்கு 30 டிகிரி சாய்வில் பிடிக்கச் சொல்லியிருந்தேன். அப்படிப் பிடித்தும் கழுத்தில் சிவப்புப் பருக்கள் வருவதாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். சாய்வு சரிதான், திசையைப் பாருங்கள். தாடைக்குக் கீழே முடி பலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குக் கீழிருந்து மேலாக வளரும். இரண்டு நாள் முடியில் விரலை ஓட்டினால் தெரியும்: வழுக்கினால் வளரும் திசை, சொரசொரத்தால் எதிர்த்திசை. தோலை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் மழித்தால் வெட்டுப்பட்ட முனை உள்ளே போய்விடும்; சுருட்டை முடி அங்கேயே வளைந்து தோலைக் குத்தும். பரு அதுதான். கழுத்துக்கு வளரும் திசையில் ஒரே ஓட்டம் போதும், அழுத்தவே வேண்டாம். ஏற்கெனவே பரு இருந்தால், அடங்கும்வரை டிரிம்மரில் 1 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

மழித்தபின் படிகாரத்தைத் தேய்த்து அப்படியே விட்டால் தோல் வறண்டு இழுக்கும். ஒரு நிமிடத்தில் கழுவி, ஈரம் காயுமுன் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் பூசுங்கள்.