கையில் 3,000 வெள்ளி: ஒரே பாட்டுக்குப் போட்டுவிடலாமா, மைக் வாங்கலாமா?

செம்பனைக்குரல்:
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட். பிறந்தது தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு), இப்போது டவுன் ஓரத் தாமானில் (குடியிருப்புப் பகுதி) இருக்கிறோம். ஈப்போ பக்கம் ஷிஃப்ட் வேலை, அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). நானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு ஒன்பது இருக்கிறது, எல்லாம் கைப்பேசியில் பாடி வைத்ததுதான். ஓவர்டைம் செய்து 3,000 வெள்ளி சேர்த்திருக்கிறேன். கோலாலம்பூரில் ஒருவர் 2,500 கொடுத்தால் இசை, ரெக்கார்டிங், வீடியோ எல்லாம் சேர்த்து ஒரு பாட்டை முடித்துத் தருகிறேன் என்கிறார். ராப் பாடுகிற யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் இங்கிருந்து போய்த்தானே தமிழ்நாட்டை ஆட வைத்தார்கள் என்று கூட்டாளிகள் ஏற்றிவிடுகிறார்கள். அம்மா, முதலில் அந்த ஓட்டை மோட்டார் சைக்கிளை மாற்று என்கிறார். என்ன செய்யலாம்?

உருமிக்காரன்:
தம்பி, அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டிவிடாதே. உன் வயதில் நானும் இதே மாதிரி 2,800 கொடுத்தேன். பாட்டு நன்றாகத்தான் வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். மண்டபம் பிடித்து வெளியீடு, மாலை, பொன்னாடை எல்லாம் ஆயிற்று. மறு வாரம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அதே பாட்டைப் பாடச் சொன்னார்கள், என்னிடம் மைனஸ் டிராக் (குரல் இல்லாமல் இசை மட்டும் இருப்பது) இல்லை! இசை போட்டவரிடம் கேட்டால் அது தனிக் கணக்கு, இன்னும் 400 ஆகும் என்றார். என் சொந்தப் பாட்டை என் ஊர்க் கோயிலில் உருமியை மட்டும் வைத்துக்கொண்டு பாடினேன். சனங்கள் கை தட்டினார்கள், எனக்கு வயிறு எரிந்தது.

யாரிடம் கொடுத்தாலும், மைனஸ் டிராக்கும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஃபைலும் இந்தத் தொகைக்குள்ளேயே வேண்டும் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள். வீடியோவை இப்போதைக்கு மறந்துவிடு.

தகரக்கூரை ஸ்டுடியோ:
அண்ணன் சொன்னது சரி. ரெக்கார்டிங் பக்கம் நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் பழைய லயத்து வீட்டிலேயே ஆறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். எல்லோரும் முதலில் கண்டென்சர் மைக் வாங்க ஓடுவார்கள். அதற்குக் கேபிள் வழியாக 48 வோல்ட் மின்சாரம் (ஃபேண்டம் பவர்) வேண்டும் என்பதுகூடப் பெரிய விஷயமில்லை, அது பக்கத்து வீட்டுச் சேவல், ஃபேன், தூரத்தில் போகிற லாரி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும், அதுதான் தலைவலி. நம் மாதிரி வீட்டுக்கு மேடையில் பாடுகிற டைனமிக் மைக் போதும். வாயைக் கிட்டே வைத்துப் பாடினால் அறையின் சத்தம் அவ்வளவாக ஏறாது, அதே மைக்கைத் திருவிழாவுக்கும் எடுத்துப் போகலாம். நான் மெத்தையைச் சுவரில் சாய்த்து, எதிரே துணி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நடுவில் நின்று பாட வைப்பேன். மழை வந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, தகரத்தில் விழுகிற சத்தத்தை எந்த சாஃப்ட்வேரும் முழுசாக எடுக்காது, அன்றைக்குத் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டுப் பாட்டு வரியைத் திருத்து.

மைக், அதைக் கணினியிலோ கைப்பேசியிலோ மாட்டுகிற இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன் மூன்றையும் கைமாறிய பொருளாகத் தேடினால் 800 வெள்ளிக்குள் முடிக்கலாம், நான் அப்படித்தான் முடித்தேன். கணினி இல்லையென்றால் கைப்பேசியில் பேண்ட்லேப் என்ற ரெக்கார்டிங் ஆப் இலவசம். கணினி இருந்தால் ரீப்பர் என்ற சாஃப்ட்வேர், 60 நாள் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். குரலையும் இசையையும் அளவாகக் கலக்கிற மிக்சிங்கை மட்டும் வெளியே கொடு.

கல்யாண வீட்டு அக்கா:
தம்பி, நீங்கள் செலவைப் பற்றியே கேட்கிறீர்கள், வரவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. ஸ்ட்ரீமிங் பணத்தை நம்பி உட்காராதீர்கள். 2024இலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடினால்தான் பணக் கணக்கிலேயே சேரும். யூடியூபில் விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர், அதோடு ஒரு வருடத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு அரிசி வாங்கித் தந்தது கல்யாணமும் பிறந்தநாள் விருந்தும்தான். முதலில் ஒரு குழுவில் இரண்டு பாட்டு பாடினேன், இரவுக்கு 80 வெள்ளி. அந்தப் பழக்கத்தில்தான் ஆர்டர் வர ஆரம்பித்தது. இடையில் என் சொந்தப் பாட்டை ஒன்று நுழைத்துவிடுவேன், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தால் அது தேறும் என்று அர்த்தம். (கோழி வறுவலை விட்டுத் தலையைத் தூக்குவது லேசில்லை.)

அப்புறம் உரிமை. பாட்டை எழுதிப் பதிவு செய்த உடனேயே காப்புரிமை உங்களுடையது, யாரிடமும் போய்ப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. வேண்டுமானால் மைஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) அறிவிப்புக் கொடுத்து வைக்கலாம், பின்னாளில் தகராறு வந்தால் கையில் ஆதாரம் இருக்கும். காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலையின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்குத்தான் என்று நம் 1987 காப்புரிமைச் சட்டம் சொல்கிறது. அதனால்தான் அந்த "வேறு ஒப்பந்தத்தை" உங்களிடம் நீட்டுவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மின்னல் எஃப்எம், ராகா மாதிரி வானொலியில் ஓடினால் எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வரவேண்டிய பணத்தை வசூலிப்பது எம்ஏசிபி என்ற அமைப்பு. அதில் உறுப்பினராகாவிட்டால் பாட்டு ஓடும், பணம் உங்களைத் தேடி வராது.

செம்பனைக்குரல்:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. அவரிடம் மைனஸ் டிராக் கேட்டு மெசேஜ் போட்டேன், நீலக் கோடு விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது, பதில் இல்லை. இன்னொன்று: யூடியூபில் பாட்டில்லாத வெறும் இசையை இலவச பீட் என்று போட்டிருக்கிறார்களே, அதில் பாடி வெளியிடலாமா?

தகரக்கூரை ஸ்டுடியோ:
பழகுவதற்கு எடு, வெளியிடுவதற்கு வேண்டாம். முக்கால்வாசி "இலவசம்" பணம் சம்பாதிக்காத வரைக்கும்தான். லைசென்ஸ் வாங்கினாலும் அதே பீட்டை இன்னும் பத்துப் பேர் வாங்கியிருப்பார்கள், நீ டிஸ்ட்ரோகிட்டில் (பாட்டை ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களுக்கு ஏற்றித் தருகிற நிறுவனம்) ஏற்றும்போது தெரியாமல், யூடியூபில் அதே இசை வந்தால் கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடியை டிக் செய்துவிட்டால் அவர்கள் வீடியோவுக்கெல்லாம் உன் பெயரில் உரிமை கேட்டுக் கிளெய்ம் போகும், சண்டை வரும். டிஸ்ட்ரோகிட்டுக்கு வருடா வருடம் கட்ட வேண்டும், நிறுத்தினால் பாட்டை இறக்கிவிடுவார்கள், அதைத் தடுக்கத் தனிக் கட்டணம். அதே வேலையைச் செய்கிற சிடி பேபியில் ஒரே தடவை கட்டினால் போதும், ஆனால் வருமானத்தில் 9 விழுக்காடு எடுப்பார்கள். ஒன்பது பாட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்.

உருமிக்காரன்:
ஒன்பதில் எது நல்ல பாட்டு என்று நினைக்கிறாயோ அதைக் கைப்பேசியில் பாடினபடியே எனக்கு அனுப்பு. எங்கள் கோயிலில் அடுத்த மாதம் திருவிழா, சாமி ஊர்வலம் முடிந்து அன்னதானத்துக்கு நடுவில் கால் மணி நேரம் சும்மாதான் கிடக்கும். பெட்ரோலுக்குக் காசு தருவோம். மோட்டார் ஓடுமா?