ஓணம் ஆஃபரில் 62,000 குறைத்தாராம், அந்த 8,500 எதுக்கு?

குழித்துறைக்காரன்:
நேற்று எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலை நண்பர் ஒருவர் தன் புது கார் கொட்டேஷனைப் படமெடுத்துப் போட்டிருந்தார். ‘நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓணம் ஆஃபரில் 62,000 குறைத்து வாங்கினேன். ஹேண்ட்லிங் சார்ஜ் (வண்டியைக் கையாண்டதற்கு என்று டீலர் தனியாக வாங்கும் காசு) ஒரு பைசா கொடுக்கவில்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம்காரர்களுக்குப் பேரம் பேசத் தெரியாது’ என்று கூடவே ஒரு வீரவசனம். ஆனால் அந்தப் படத்திலேயே இன்சூரன்ஸுக்குக் கீழே ‘இதர – 8,500’ என்று ஒரு வரி இருக்கிறது. பெருவிரலை வைத்து மறைத்திருக்கிறார், முழுசாக மறையவில்லை. அது என்ன அண்ணாச்சி?

பாறசாலை_19:
பொறாமைக்கு மருந்து கிடையாது. அது ஃபாஸ்டேக், நம்பர் பிளேட், பதிவு வேலை எல்லாம் சேர்ந்தது. ஹேண்ட்லிங் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

குழித்துறைக்காரன்:
எழுதமாட்டார்கள், அதுதானே விஷயம். ஹேண்ட்லிங் என்று எழுதினால் ஆளுக்கு ஆள் சண்டைக்கு வருகிறார்கள் என்று ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்றார்கள், இப்போது ‘இதர’. நம்பர் பிளேட்டாம்! 2019 ஏப்ரலுக்குப் பிறகு வரும் புது வண்டிக்கு அந்தப் பிளேட்டை டீலரே மாட்டித் தரவேண்டும், அதன் காசு வண்டி விலையிலேயே அடக்கம். ஃபாஸ்டேக் சில நூறு ரூபாய் சமாச்சாரம். மீதி எங்கே போச்சு?

ரப்பர்ஷீட்:
ஒரு நிமிஷம். 62,000 குறைப்பு என்றால் ரொக்கக் கழிவா, பழைய வண்டியைக் கொடுத்ததற்கு எக்ஸ்சேஞ்ச் போனஸா, கம்பெனி ஊழியர்களுக்கான கார்ப்பரேட் தள்ளுபடியா? இன்வாய்ஸிலேயே (விற்பனைப் பில்லிலேயே) குறைத்தார்களா, பிறகு கிரெடிட் நோட்டாக வரவு வைத்தார்களா? இதைச் சொல்லாமல் எதை வைத்து ஒப்பிடுகிறீர்கள்?

பாறசாலை_19:
ரொக்கம் 30,000, எக்ஸ்சேஞ்ச் 20,000, ஆக்சஸரி 12,000. கூட்டத் தெரியும்தானே?

குழித்துறைக்காரன்:
தெரியும். கழிக்கவும் தெரியும். தரை மேட், மட்ஃபிளாப், டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. இதற்கு 12,000 என்று அவர்களே விலை போட்டு அவர்களே தள்ளுபடி கொடுப்பார்கள், நாம் நடு வீட்டில் நின்று கைதட்டணும். எக்ஸ்சேஞ்ச் போனஸில் பாதியைப் பழைய வண்டியின் மதிப்பில் கடித்திருப்பார்கள். சரி, அதெல்லாம் போகட்டும். 8,500 எதுக்கு?

சேல்ஸ்_முன்னாள்:
நான் ஷோரூமில் வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன். எட்டாயிரத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள், இன்சூரன்ஸை ஒருத்தரும் பார்க்கவில்லை. டீலரிடம்தான் பாலிசி எடுக்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வெளியே விலை கேட்டு வந்து மேஜையில் வைத்தால், மேனேஜர் அறைக்குப் போய்விட்டு வந்து ‘மேட்ச் பண்றோம் சார்’ என்பார்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். தொகை பெரிசாகத் தெரிவதால் அதற்குள் என்ன சேர்த்தாலும் தெரியாது. அப்புறம் சேஸிஸ் எண். பல கம்பெனிகளில் 10-ஆவது எழுத்து வருடத்தைச் சொல்லும். தயாரித்த மாதம் எது என்று எழுதி வாங்குங்கள். யார்டில் மழை நனைந்து கிடந்த வண்டிக்குத்தான் வாய் நிறைய ஆஃபர் சொல்வார்கள்.

பாறசாலை_19:
என் வண்டி யார்டில் கிடந்தது என்கிறீரா?

சேல்ஸ்_முன்னாள்:
நான் பொதுவாகச் சொன்னேன் சாரே.

தேன்கூடு75:
எனக்கு வேறொரு சந்தேகம். இவர் குடியிருப்பது களியக்காவிளை, செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில். வண்டி எப்படி கேஎல் 19 (பாறசாலைப் பதிவு) ஆச்சு? இங்கே 2023 நவம்பரில் சாலை வரியை ஏற்றினார்கள், 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். மாமியார் வீட்டு முகவரி கைகொடுத்ததோ?

பாறசாலை_19:
மாமியாரை இழுக்காதேயும். எனக்குப் பாறசாலையில் கடை இருக்கிறது. தொழில் செய்யும் இடத்தில் பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு.

தேன்கூடு75:
வண்டி வழக்கமாக நிற்கும் இடம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. வெளி மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் எண்ணை மாற்றணும். ராத்திரி எந்த ஷெட்டில் நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா?

பாறசாலை_19:
1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்ததிலிருந்து உங்களுக்கு அடுத்தவன் ஷெட்டை எட்டிப் பார்க்கிற வேலைதான். ஓணத்துக்கு அங்கே கூட்டம் வரும், கம்பெனி ஆஃபர் கொடுக்கும். இங்கே தீபாவளிக்கு என்ன கொடுத்தார்கள்? ஒரு பிள்ளையார் பொம்மை.

ரப்பர்ஷீட்:
இன்வாய்ஸா, கிரெடிட் நோட்டா? மறுபடியும் கேட்கிறேன்.

குழித்துறைக்காரன்:
ரப்பர் அண்ணன் கேட்பது அப்புறம். ஷெட், மாமியார், ஓணம், பிள்ளையார், எல்லாம் பேசியாச்சு. கட்டின ரசீதைப் பெருவிரல் இல்லாமல் ஒரு படம் போடுங்கள் அண்ணாச்சி. 8,500 ஹேண்ட்லிங் கட்டிவிட்டு எங்களுக்குப் பேரம் கற்றுத்தர வந்திருக்கிறீர்கள்.

பாறசாலை_19:
ரசீதை உமக்கு எதுக்குக் காட்டணும்? நீர் எனக்கு விற்ற ஸ்கூட்டர் இன்னும் உம்ம பேரில்தான் ஓடுகிறது. பேர் மாற்றும் ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டீர், சரி. ஃபார்ம் 28 தடையின்மைச் சான்று எங்கே? அது இல்லாமல் கேரளத்தில் எப்படி மாற்றுவது?

குழித்துறைக்காரன்:
எந்த முகவரிக்கு என்று எழுதி வாங்குவது? கடையா, களியக்காவிளையா, மாமியார் வீடா? அதைச் சொல்லும், நாளைக்கே வாங்கித் தருகிறேன்.

தேன்கூடு75:
ஸ்கூட்டர் என்ன விலைக்குக் கொடுத்தீர்?

குழித்துறைக்காரன்:
அது எதுக்கு இப்போ?