கல், எலும்பு வலி, கால்சியம்: உங்க வீட்டுல, வார்டுல பார்த்தது

கடலூர் மருமகள்:
எங்க அத்தைக்கு சிறுநீரகக் கல் ரெண்டு தடவை வந்துச்சு. எங்க ஓ.டி. (கடலூர் பழைய டவுன்) பக்கம் கல்லுன்னாலே உப்புத் தண்ணிதான் காரணம்பாங்க. கேன் தண்ணி, வாழைத்தண்டுச் சாறு எல்லாம் ஆச்சு. கூடவே இடுப்பு வலி, மலச்சிக்கல், தாகம், ராத்திரி எழுந்து எழுந்து ஒண்ணுக்குப் போறது. சர்க்கரை பார்த்தோம், இல்லை. அப்புறம் சமையக்கட்டுல லேசா வழுக்கினதுக்கே முன்கை முறிஞ்சுது. எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர்தான் ரத்தத்துல கால்சியம் எழுதினார். 12.6. சாதாரணமா 10.5-க்குள்ள இருக்கணுமாம். அத்தை சாப்பிடுற கால்சியம் மாத்திரையாலயான்னு கேட்டோம். "மாத்திரையால ஏறினா பி.டி.எச். (ரத்தத்துல கால்சியத்தை ஏத்துற பாராதைராய்டு ஹார்மோன்) இறங்கியிருக்கும். இவங்களுக்கு அதுவும் ஏறியிருக்கு, பாராதைராய்டுதான்"னார்.

வார்டு நர்ஸ், புதுச்சேரி:
பாராதைராய்டு கோளாறுன்னா கல், எலும்பு, வயிறு, மனசுன்னு நாலையும் சேர்த்துத்தான் படிக்கிறோம். ஆஸ்பத்திரியில அது நாலு டிபார்ட்மென்ட்ல தனித்தனியா படுத்திருக்கும்.

எனக்கு மறக்காத கேஸ் ஒரு மளிகைக் கடைக்காரர். கணைய அழற்சின்னு வந்தார். எங்க ஊர்ல அதுக்கு முதல் கேள்வி குடிதானே! தொட்டதே இல்லைன்னு சத்தியம் பண்ணார், யாரும் நம்பல. ஸ்கேன்ல பித்தப்பைக் கல்லும் இல்லை. கணையம் வீங்கினா கால்சியம் பெரும்பாலும் இறங்கும். இவருக்கு 11-க்கு மேலயே நின்னுச்சு. அதுதான் துப்பு. அவர் சம்சாரத்துக்கிட்ட பேசினா வேற கதை வருது: ஒரு வருஷமா கடைக் கணக்கு மறந்து போகுது, யார்கிட்டயும் பேச்சில்லை, சோர்ந்து சோர்ந்து படுக்கிறார். தைராய்டுக்குப் பின்னால இருக்கிற நாலு பாராதைராய்டு சுரப்பியில ஒண்ணு வீங்கியிருந்துச்சு. பெரும்பாலும் ஒண்ணுதான் வீங்கும், புற்றும் அபூர்வம். அந்த வீங்கின சுரப்பியை எடுத்தாச்சு.

லேப்ல வேலை பார்க்கிறவன்:
ஒரு ரிசல்ட்டை மட்டும் பார்த்து பயப்படாதீங்க. கையில ரப்பரை ரொம்ப நேரம் கட்டி ரத்தம் எடுத்தாலே கால்சியம் கொஞ்சம் கூடிக் காட்டும். அல்புமினும் (ரத்தத்துல கால்சியத்தைப் பிடிச்சுவெச்சிருக்கிற புரதம்) சேர்த்து மறுபடி பாருங்க.

கடலூர் மருமகள்:
அத்தைக்குப் பாலை நிறுத்திட்டோம். சரிதானே?

வார்டு நர்ஸ், புதுச்சேரி:
வேண்டாம்மா. சாப்பாட்டுல கால்சியத்தைக் குறைச்சா பி.டி.எச். இன்னும் ஏறலாம். வழக்கமான அளவு குடிக்கட்டும், தண்ணி நல்லா குடிக்கட்டும். மாத்திரை மட்டும் டாக்டர் சொல்றபடி. பிரஷருக்கு ஒண்ணுக்குப் போகவைக்கிற மாத்திரை இருந்தா அதையும் காட்டுங்க, சிலது கால்சியத்தை ஏத்தும். ஆபரேஷன் முடிஞ்சு உதடு, விரல் நுனி மரத்துப்போனா காலையில ரவுண்ட்ஸ் வரட்டும்னு காத்திருக்காதீங்க. பசியோட இருக்கிற எலும்பு ரத்தத்துல இருக்கிற கால்சியத்தை இழுத்து இறக்கிடுது, அப்பவே நர்ஸைக் கூப்பிடுங்க.