நாள் முழுக்கத் திரை: கண் எரிச்சலுக்கு என்ன வழி?

கேள்வி: யாங்கோனில் கணக்கு வேலை, தினம் ஒன்பது மணி நேரம் கம்ப்யூட்டர். மதியத்துக்கு மேல கண் எரியுது, எழுத்து மங்குது. கரண்ட் போனா இருட்டுல லேப்டாப்தான். வயசு 43. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?

பதில் 1: வேண்டாங்க. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பிலும் அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. எரிச்சலுக்குக் காரணம் இமைதான். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 15 தடவை போல இமைப்போம்; திரையைப் பார்த்தால் அது பாதிக்கும் கீழே போகும், அதுவும் அரைகுறையாகத்தான் மூடும். கண்ணீர்ப் படலம் காய்ந்து எழுத்து மங்கும். மேசை ஃபேன் முகத்துக்கு நேரே அடித்தால் இன்னும் மோசம், காலுக்குத் திருப்புங்க. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே 20 அடிக்கு அப்பால் 20 வினாடி பாருங்க. இமையை முழுசா மூடித் திறங்க.

பதில் 2: 43னா வெள்ளெழுத்தையும் பாருங்க அண்ணே. படிக்கிற கண்ணாடி 40 செ.மீ.க்குப் போட்டது, திரை இருப்பதோ 60 செ.மீ.யில். பைஃபோகல் (மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் ரெண்டு பவர் உள்ள கண்ணாடி) போட்டால் தாடையைத் தூக்கிப் பார்ப்பீங்க, கழுத்து பிடிச்சுக்கும். திரை தூரத்தை டேப்பில் அளந்து, அதைச் சொல்லிப் பவர் போடுங்க. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும்.

பதில் 3: கரண்ட் போனால் சார்ஜ் விளக்கைத் திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து வையுங்க. சிவப்பு போக்கும் சொட்டு மருந்து வேண்டாம், விட்டதும் சிவப்பு திரும்ப வரும். செயற்கைக் கண்ணீர் போதும். நாளுக்கு நாலு தடவைக்கு மேல்னா மருந்து கெடாமல் இருக்கப் போடும் பதப்பொருள் சேர்க்காததா கேளுங்க.