பொருள்: 'மைக்ரோவேவ் சேஃப்' - தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

மைக்ரோவேவ் அடுப்பின் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். திங்கள் காலை அச்சுக்குப் போக வேண்டும். எந்தப் பாத்திரத்தை உள்ளே வைக்கலாம் என்ற அட்டவணையில் முட்டி நிற்கிறது. 'நுண்ணலைப் பாதுகாப்பான பாத்திரம்' என்றால் பாத்திரம் அலையைக் காப்பாற்றுவதுபோல் இருக்கிறது. 'நுண்ணலைத்தாங்கி' சரிப்படுமா?

-----

> நுண்ணலைத்தாங்கி

முதலில் அந்த 'த்' வேண்டாம். சுமைதாங்கி, இடிதாங்கி போல இது இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது. 'பாத்திரம்' வடசொல். உண்கலம், மட்கலம், மரக்கலம், அணிகலம், படைக்கலம் என்று நமக்குக் 'கலம்' இருக்கிறதே. நெல் அளவையிலும் 12 மரக்கால் ஒரு கலம். 'கொள்வது' என்பதே இதன் அடிப்பொருளாக இருக்க வேண்டும் என்பது என் துணிபு. 'நுண்ணலைதாங்கு கலம்' என வினைத்தொகையாக்கலாம்.

-----

ஐயா, படைக்கலம் எதைக் கொள்கிறது?

அது இருக்கட்டும், 'தாங்கு' என்பதே இயற்பியலுக்கு மாறு. நல்ல பாத்திரம் அலையைத் தாங்குவதில்லை, வழிவிடுகிறது. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை கண்ணாடியையும் பீங்கானையும் கடந்துபோய் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டுகிறது. சூடு அங்கேதான் பிறக்கிறது. மெலமைன் தட்டும், ஈரம் ஊறிய மெருகிடாத மண்சட்டியும் அலையைத் தாமே வாங்கிக்கொண்டு கொதிக்கும். எவர்சில்வர் திருப்பி அனுப்பிவிடும். தங்க விளிம்பிட்ட தட்டு இன்னும் மோசம்: அந்த மெல்லிய கோட்டில் மின்னோட்டம் நெருக்கி, பொறி பறந்து, கோடு கருகும். ஆகவே 'அலைவிடு கலம்'.

தவிர, அலைநீளம் ஏறத்தாழ 12 செ.மீ. அதைப் போய் 'நுண்' என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல்.

-----

பல நூறு மீட்டர் நீள வானொலி அலைக்கு முன் அது நுண்தான். திங்களுக்குள் அதைக் கிளற வேண்டாம்.

என் கவலை 'பாதுகாப்பு' என்ற சொல். அந்தக் குறியை நம்பி எதையும் எவ்வளவு நேரமும் வைக்கலாம் என்று ஆகிவிடுகிறது. முக்கோணத்துக்குள் 5 போட்ட பாலிபுரோப்பிலீன் டப்பாவில் சாதம் சூடாக்கினால் தண்ணீர் 100 டிகிரியோடு நின்றுவிடும். எண்ணெய் மிதக்கும் காரக்குழம்பு அதையும் தாண்டும். எண்ணெய் நின்ற மட்டத்தில் டப்பாவின் உட்புறம் வெளுத்துச் சொரசொரத்துப் போயிருப்பதை விரலால் தடவினாலே தெரியும். 'நுண்ணலைக்கு ஏற்ற' என்றால் போதும். மிகையாக வாக்குக் கொடுக்காது.

கையேட்டில் சோதனையையும் சேருங்கள். காலிப் பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பையில் 250 மி.லி. தண்ணீர். முழுத் திறனில் 1 நிமிடம். தண்ணீர் சுட்டு, பாத்திரம் சுடாமல் இருந்தால் ஏற்றது. பாத்திரம் சுட்டால் வேண்டாம். தண்ணீர் வைக்காமல் ஓட்டக் கூடாது. வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லாத அலை, அதை உண்டாக்கும் குழலான மேக்னட்ரானுக்கே திரும்பி அதைக் கெடுக்கும். உலோகத்துக்கும் தங்க விளிம்புக்கும் இந்தச் சோதனையே கூடாது.

-----

'அலைவிடு கலம்' என்று படித்தால் அலை வெளியே கசிகிறது என்றுதான் வீட்டில் பயப்படுவார்கள். பெயர்ச்சொல்லைத் தேடி ஏன் அலைகிறோம்? 'மைக்ரோவேவில் வைக்கலாம்', 'வைக்கக் கூடாது'. முடிந்தது.

-----

அது சொற்றொடர், கலைச்சொல் ஆகாது. 'வைக்கலாம் பாத்திரம்' என்று பெயருக்கு அடையாக நிற்குமா? கலைச்சொல் வேறு சொற்களோடு சேர வேண்டும், அகராதியில் ஏற வேண்டும். 'அலைதாங்கு'வை விட்டுவிடுகிறேன்; 'கலம்' என்பதை விடமாட்டேன்.

-----

நன்றி. அட்டவணையில் 'வைக்கலாம் / கூடாது', உரையில் 'நுண்ணலைக்கு ஏற்ற பாத்திரம்'. பெரும்பாலோர் இதற்கு ஒப்புகிறீர்கள், அனுப்புகிறேன். சோதனை தனிக் கட்டத்தில் வருகிறது. கலத்துக்கு மன்னிக்கவும் ஐயா.

-----

என் மறுப்பைப் பதிவு செய்துவிடுகிறேன். 'ஏற்ற' என்பதற்கு 'வாங்கிக்கொண்ட' என்றும் பொருள் உண்டு. 'நுண்ணலைக்கு' என்பதிலுள்ள 'கு' ஒன்றுதான் இப்போது காக்கிறது. இடம் போதவில்லை என்று யாராவது 'நுண்ணலையேற்ற பாத்திரம்' எனச் சுருக்கினால், உள்ளே வைக்கக் கூடாத மெலமைன் தட்டுக்கு அது மிகச் சரியான பெயராகிவிடும். மெய்ப்பு பார்க்கும்போது அந்தக் 'கு'வை எல்லா இடத்திலும் சரிபாருங்கள்.